இங்கே விடுபட்டிருக்கிறது

திங்கட்கிழமை அக்காவிடம் பிழை பார்க்கக் கொடுத்த பத்தொன்பதாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை மதியம் ஆகியும் திரும்பி வரவில்லை. இதற்கு முந்தைய பதினெட்டில் ஒன்றைத் தவிர எல்லாம் புதன்கிழமை மாலைக்குள் வந்து சேர்ந்தவை. காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில்கூட அக்கா வியாழன் காலையில் கொடுத்துவிட்டாள். அதனால்தான் சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள் என்று பேர்தான். உடம்பு அங்கே இருந்தது, மனசு போனுக்குள் இருந்தது. பதினொன்றரை மணிக்கு வரும்படி இரண்டு பேரிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். இருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டார்கள். வாய்விட்டுச் சண்டை போட முடியாத நிலைமை இருவருக்கும் என்பதால் அவள் தப்பித்தாள். உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றும் இல்லை என்றாள். கேட்பவருக்கே தெரிந்திருக்கும், அது பொய் என்று.

சின்னவள் கதை எழுதுகிறவள். புத்தகம் போட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. இணையத்தில் ஒரு கதைத் தளத்தில் 'ஓரப்பார்வை' என்ற பெயரில் தொடர்கதை எழுதுகிறாள். பஸ்ஸில் எழுதுவாள், அரிசி கொதிக்கும் நேரத்தில் எழுதுவாள், உள்ளே யாருக்காவது பல் பிடுங்கும்போது இங்கே ஒரு காதலர் சந்திப்பை முடித்துவிடுவாள். முதல் ஆறு வருஷம் எழுதியதெல்லாம் காதல் கதைகள். வாசகர்கள் மொத்தம் நாற்பது பேர். அதில் பாதிப் பேர் தன்னோடு படித்தவர்களோ என்று அவளுக்கே சந்தேகம் உண்டு.

இந்தக் கதை அப்படியில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணி அடித்தால் பதினோராயிரம் பேர் காத்திருக்கிறார்கள். கணவனிடம் பன்னிரண்டு வருஷம் அவதிப்பட்டு ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை. 'பச்சைமிளகாய்' என்ற பெயரில் ஒரு வாசகி, வாரம் தவறாமல் அந்தக் கணவனைப் பிய்த்து உதறுவாள். இன்னொருவர் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் 'பாவம் இவள்' என்று இரண்டே வார்த்தை போடுவார். வேறொரு அம்மாள், போன வாரம் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டதாக எழுதியிருந்தார். அடுத்தவர் வீட்டில் அடுப்பு அணைந்ததில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று கேட்கக் கூடாது, சின்னவளுக்கு வந்தது. அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

கதையில் வரும் அந்தப் பெண் வேறு யாருமில்லை, அக்காதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒரு பையோடு புகுந்த வீட்டை விட்டு வந்தாள். எட்டு மாதம் சின்னவள் வீட்டில் இருந்தாள், பிறகு தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். அதைத்தான் சின்னவள் எழுதினாள். அக்காவின் வேலையை மாற்றித் தையல்காரி ஆக்கினாள். உதிரிபாகக் கடை வைத்திருந்த அத்தானை இன்சூரன்ஸ்காரர் ஆக்கினாள். இல்லாத ஒரு மாமியாரையும் சேர்த்தாள், ஏனென்றால் மாமியார் இல்லாத தொடர்கதையை யாரும் சீந்துவதில்லை.

சரி, எழுதினாள். எழுதியதைக் கொண்டுபோய் அந்த அக்காவிடமே பிழை திருத்தக் கொடுக்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதற்குக் காரணம் அக்கா வேலை செய்கிற விதம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருக்கும் தாளை அச்சடிக்கும் அச்சகத்தில் அவள் ப்ரூஃப் பார்க்கிறாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைக் கடைசி வரியில் ஆரம்பித்து மேலே போய்த்தான் படிப்பாள். வரிக்கு அடியில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஒரு வரி முடிந்ததும் ஸ்கேலை மேலே தள்ளுவாள். முதலிலிருந்து படித்தால் அர்த்தம் உள்ளே புகுந்துவிடும், அர்த்தம் புகுந்தால் கண் ஏமாந்துவிடும் என்பது அவள் கணக்கு. தங்கையின் கதையையும் அப்படித்தான் பார்த்தாள். 'பிழை மட்டும் பாரு, கதையைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே' என்று சின்னவள் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். அக்காவும் ஒன்றும் சொன்னதில்லை. ஒற்று விட்ட இடத்தில் சிவப்பு மை, கமா வேண்டாத இடத்தில் சிவப்பு மை, அவ்வளவுதான். தலைகீழாகப் படிக்கிறவளுக்குக் கதை எங்கே தெரியப்போகிறது என்று சின்னவள் நிம்மதியாக இருந்தாள். நாமும் இருந்திருப்போம்.

இந்த வாரம் அந்த நிம்மதி போய்விட்டது. பத்தொன்பதாம் அத்தியாயம் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியேறும் நாள். கணவன் பையைத் தூக்கி வாசலில் எறிகிறான், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள், பஸ் நிலையத்தில் நாதியற்று உட்கார்ந்திருக்கிறாள், கடைசியில் ஒரு தோழியின் வாசலில் போய் நிற்கிறாள். எழுதும்போது சின்னவளே மூக்கைச் சிந்திக்கொண்டுதான் எழுதினாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன் போட்டாள், அக்கா எடுக்கவில்லை. வியாழன் காலை, முடிந்ததா என்று செய்தி அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்லாக ஆறு மணி நேரம் கிடந்துவிட்டு 'பார்க்கிறேன்' என்று ஒரே ஒரு சொல் வந்தது. அந்த ஒற்றைச் சொல்லை அவள் படித்த படிப்பை எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை. கோபமாகப் பார்க்கிறாளா, சாதாரணமாகப் பார்க்கிறாளா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாளா?

இதில் இன்னொரு வினையும் இருந்தது. ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்தைத் திங்கட்கிழமையே தளத்தில் ஏற்றி, வெள்ளி ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிடுவாள். புதன்கிழமை தாள்கள் வந்ததும் திருத்தங்களை உள்ளே போய்ச் சேர்ப்பாள். அக்கா ஒருநாளும் தவறமாட்டாள் என்ற தைரியம். இப்போது வெள்ளி மூன்றரை மணி. தடுத்து நிறுத்தலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் பதினோராயிரம் பேர் காத்திருக்கும் வாரத்தில் கடையை மூடிவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

நாலு மணிக்கு டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். அக்காவைப் பார்க்கப் போக வேண்டும், அவசரம் என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டார் டாக்டரம்மா. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னாள். பதினொன்றரை மணிக் குழப்பத்தை நினைத்தாரோ என்னவோ, அவர் உடனே போகச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் கற்பனை என்று சொல்லலாம். தையல்காரி, இன்சூரன்ஸ், மாமியார் என்று ஆதாரம் காட்டலாம். இதைப் படித்து எத்தனையோ பெண்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது என்று சப்பைக்கட்டு கட்டலாம். மூன்றையும் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்வதாக நினைத்துப் பார்த்தபோது மூன்றும் வாயிலேயே நின்றன. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

அச்சகத்தின் கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் தாளைத் தின்று துப்பிக்கொண்டிருந்தன. மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் மூன்று மேசைகள், சன்னலோரம் இருந்தது அக்காவினுடையது. மற்ற இருவரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். அக்கா குனிந்து சர்க்கரை நோய் மாத்திரைத் தாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. இடது கையால் நாற்காலியைக் காட்டினாள். ஸ்கேல் மேலே ஒரு வரி நகர்ந்தது. இன்னும் முப்பது வரியாவது இருக்கும்.

சின்னவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. பாதியில் நிறுத்தச் சொல்ல முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் சிரிப்பார்கள், ஒரு வரி விட்டுப்போனால் ஆள் போய்விடுவான் என்று அக்கா அடிக்கடி சொல்வாள். ஒருமுறை 'சாப்பிட்ட பிறகு மட்டும்' என்ற வரியை யாரோ விட்டிருந்ததை அவள்தான் பிடித்தாளாம். அச்சடித்த நாற்பதாயிரம் தாளையும் கூழாக அரைக்கக் கொடுத்தார்களாம்.

ஐந்து மணி தாண்டி முதல் வரிக்கு வந்து சேர்ந்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினாள் அக்கா. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்து வைத்தாள். சின்னவள் பறித்துப் புரட்டினாள். ஒன்பது பக்கம். முதல் ஆறு பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் எழுத்தில் ஆறு பக்கம் பிழையில்லாமல் இருப்பது நடக்கிற காரியமா?

ஏழாம் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு பத்திகளுக்கு நடுவே, முனை மேலே பார்க்கும் சின்ன அம்புக்குறி ஒன்று, சிவப்பு மையில். ஓரத்தில் அக்காவின் அழகான கையெழுத்தில் 'இங்கே விடுபட்டிருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை ஒன்றுமில்லை.

"என்ன விட்டுப்போச்சு? எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றாள் சின்னவள்.

"அவ பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. அடுத்த பத்தியில தோழி வீட்டு வாசல்ல நிக்கிறா. நடுவுல மூணு மணி நேரம் இருக்கு. அது எங்கே?"

கதையில் அப்படித்தான் தாண்டிப் போவார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று சின்னவள் மென்று விழுங்கினாள். அக்கா தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சின்னவளுக்குக் குட்டு உடைந்தது தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ கடைசியிலேர்ந்து தானேக்கா படிப்பே?"

"தலைகீழாப் படிச்சா என் வாழ்க்கை எனக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமா?"

எப்போதிருந்து தெரியும் என்று சின்னவள் கேட்டதற்கு, இரண்டாவது அத்தியாயத்திலிருந்து என்றாள் அக்கா. சண்டைக்கு மறுநாள் அத்தான் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அதில் வந்ததாம். எழுதியதற்காகத் தனக்குக் கோபம் இல்லை என்றும் சொன்னாள். தளத்துக்குள் போய்ப் பின்னூட்டங்களையும் படித்தாளாம். முகம் தெரியாத அத்தனை பேர் சேர்ந்து அந்த ஆளைத் திட்டுவது நன்றாகத்தான் இருக்கிறதாம். பச்சைமிளகாயை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அக்கா லேசாகச் சிரிக்கவும் செய்தாள். சின்னவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி அரை நிமிஷம் நீடித்தது.

"பிழை மட்டும் பாருன்னு சொன்னே, பதினெட்டு அத்தியாயம் பிழை மட்டும் பார்த்தேன். இதுவும் பிழைதான்." அக்கா விரலால் அம்புக்குறியைத் தொட்டாள். "மாமியாரைச் சேர்த்தே, சரி. உன் அத்தான் பையைத் தூக்கிப் போட்டாருன்னு எழுதினே. அவர் போடல, நானேதான் எடுத்துட்டு வந்தேன். அதுவும் போகட்டும், கதைக்கு வேணும். ஆனா இந்தக் கதையில அவளுக்குத் தங்கச்சியே இல்லையே."

சின்னவள் தாள்களை அடுக்கினாள், அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினாள். கீழே இயந்திரம் ஒன்று நின்றது, மாடி திடீரென்று அமைதியானது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அவள் பயந்தது வேறு எதற்கோ என்று இவ்வளவு நேரம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பயந்தது இதற்குத்தான்.

"அன்னைக்கு உனக்கு மூணு தடவை போன் பண்ணேன்" என்றாள் அக்கா.

"சைலண்ட்ல இருந்துச்சுன்னு அப்பவே சொன்னேனேக்கா."

"சைலண்ட்ல இருந்தா முழுசா அடிச்சு ஓயும். மூணு தடவையும் ரெண்டாவது மணியிலேயே கட் ஆச்சு."

இதை மனசில் வைத்துக்கொண்டே அக்கா சின்னவள் வீட்டில் எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள், சின்னவளின் மகளுக்குத் தலை பின்னியிருக்கிறாள். வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம். டாக்டரம்மா கூடவே இருந்தார் என்று சொல்லலாம். பொய் சொல்வது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல, வாரம் ஒன்பது பக்கம் சொல்கிறாள். ஆனால் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வரிக்கு வரி பார்க்கும் அந்தக் கண்ணுக்கு முன்னால், ஒன்றும் வரவில்லை.

"வீட்டுலதான் இருந்தேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என் கதைக்கு அன்னைக்குத்தான் மொத மொத ஒருத்தங்க நாலு வரி சேர்ந்தாப்ல எழுதியிருந்தாங்க. அதையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருந்தேன். உன் போன் வந்து எழுத்தை மறைச்சுச்சு. விரலால தள்ளிட்டேன். படிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு நெனச்சேன். திரும்பவும் வந்துச்சு, திரும்பவும் தள்ளினேன். மூணாவது தடவை நான் அவங்களுக்குப் பதில் எழுதிட்டு இருந்தேன்."

அக்கா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். திட்டினால் தேவலாம் என்று இருந்தது சின்னவளுக்கு.

"என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எது?"

"நீ படிச்சிட்டு இருந்தது."

சின்னவளுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அதுதான் கொடுமை. அன்று மாலை கதவைத் திறந்தபோது அக்கா முதலில் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் தெரியாது. என்ன புடவை, கையில் என்ன பை, அழுதிருந்தாளா, ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் கதையில் அவளைக் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவிட்டாள். ஆனால் யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் போனில் எழுதிய நாலு வரி, ஐந்து வருஷம் கழித்தும் எழுத்து எழுத்தாக உள்ளே இருந்தது. அவள் குனிந்துகொண்டே அதைச் சொன்னாள்.

"'உங்கள் கதையில் வரும் பெண்களைப் படிக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்களையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைக்கூட நீங்கள் கேட்டுவிடுகிறீர்கள். உங்களைப் போல ஒரு சகோதரி கிடைக்க உங்கள் வீட்டார் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.'"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு கதை எழுதியபோது வந்த அழுகை இல்லை இது. இதில் சுகம் எதுவும் இல்லை. அக்கா எழுந்து வந்து கட்டிக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த தண்ணீரைத் தங்கையின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதையும் சேர்த்துக்கோ" என்றாள். "ஆறு மணிக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று தேடினாள், அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. வேண்டாம், இந்த அத்தியாயத்தையே நிறுத்திவிடுகிறேன், கதையையே எடுத்துவிடுகிறேன் என்றாள். கதையை எடுத்துவிட்டால், பஸ் நிலையத்தில் உட்கார்ந்து தான் போன் செய்த அந்த மூன்று மணி நேரம் எங்கேயுமே இருக்காது என்றாள் அக்கா. சின்னவள் கடைசியாக ஒரு சாக்குத் தேடினாள்.

"பத்தொன்பதாவது அத்தியாயத்துல திடீர்னு எங்கேயிருந்து தங்கச்சி வந்தான்னு கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். நெஜத்துலயும் அவ அப்படித்தானே வந்தா, எல்லாம் முடிஞ்ச பிறகு."

அக்கா சர்க்கரை நோய்த் தாளை உறையில் போட்டு, அடுத்த மாத்திரைக்கான தாளை எடுத்துப் பரப்பினாள். தேநீருக்குப் போனவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. சின்னவள் போனை எடுத்து அத்தியாயத்தைத் திறந்து ஏழாம் பக்கத்துக்கு வந்தாள். பஸ் நிலையத்துக்கும் வாசலுக்கும் நடுவே விரலை வைத்தாள். பச்சைமிளகாய் நாளை யாரைப் பிய்த்து உதறப்போகிறாள் என்று தெரிந்தது. சாப்பிடாமல் படுத்த அம்மாள் என்ன எழுதுவார் என்றும் தெரிந்தது. அத்தனை பேரும் காறித் துப்புவார்கள். இரண்டு தடவை எழுதி அழித்தாள். அழகாக வந்த வாக்கியங்கள் அவை, அதனாலேயே அழித்தாள்.

மூன்றாவது தடவை எழுதினாள்: 'அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். போனை எடுக்கவில்லை.'

அக்கா எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"சரி. மேல எழுது" என்றாள்.